பேப்பருக்கு வராத எண்

2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலம். பெற்றோல் இல்லாமல் வேலைக்குப் போறவர்களும் வீட்டில், பஸ் இல்லாமல் கம்பஸுக்குப் போறவர்களும் வீட்டில். ஏ.எல் காலத்துச் சினேகிதர் நாங்கள் நாலு பேர், பின்னேரங்களில் ஒருத்தரின் வீட்டு விறாந்தையில் கூடத் தொடங்கினோம். சார்ஜ் மிச்சம் பிடிக்க வேணும் என்பதால் எல்லாருடைய போனும் ஓஃப். ஒரு மெழுகுதிரி, பிளேன்ரீ, பழைய கதை. முகத்தைப் பார்த்து நாங்கள் அவ்வளவு நேரம் கதைத்துக் கனகாலம் ஆகியிருந்தது.

பழைய கதை என்றால் கட்டாயம் ரியூசன் கதை வரும். தகரக் கொட்டில், முந்நூறு பேர், மைக்கில் சேர். இணைந்த கணிதம். அன்றைக்கு எங்களில் ஒருத்தி, இதுவரைக்கும் சொல்லாத ஒரு கதையைச் சொன்னாள்.

கணிதத் தொகுத்தறிவு படிப்பித்த நாள் அது. ஏ.எல் மத்ஸ் செய்த எல்லாருக்கும் அந்தப் படிகள் பாடம். n = 1 க்குச் சரி என்று காட்டு. n = p க்குச் சரி என்று எடு. அப்படியெண்டால் p + 1 க்கும் சரி என்று நிறுவு. கடைசியில், “ஆகவே எல்லா n இற்கும் உண்மை” என்று ஒரு வரி எழுது. நாங்கள் எல்லாரும் அதை மந்திரம் மாதிரி எழுதினோம். அவள் மட்டும் கையை உயர்த்தியிருக்கிறாள்.

“சேர், 1, 2, 3, 4, 5 எண்டு போட்டுப் பாக்க எல்லாத்துக்கும் சரியா வருது. பிறகேன் அந்த ரெண்டாவது படி? அஞ்சுக்குச் சரியெண்டால் மிச்சத்துக்கும் சரிதானே?”

“பிள்ளை, உது பேப்பருக்கு வராது. படியை எழுதினால் மாக்ஸ் கிடைக்கும்.”

முந்நூறு பேரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்திருப்போம், ஞாபகம் இல்லை. சேரையும் பிழை சொல்ல ஏலாது. சிலபஸ் முடிக்க வேணும், சோதனைக்கு நாலு மாசம்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு தான் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை என்று அவள் சொன்னாள். இரண்டு தரம் சோதனை எடுத்தாள், இரண்டு தரமும் கணிதத்துக்கு ‘எஸ்’. “எனக்கு மத்ஸ் ஓடாது” என்பதைத் தன்னுடைய பெயர் மாதிரியே சொல்லப் பழகிவிட்டாள்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு, கம்பஸில் கணிதம் படிக்கிற மற்றவன் சொன்னான்: “மச்சான், நீ கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு எண். ஒரே ஒரு எண்.”

பழைய மொடல் பேப்பர் ஒன்றின் வெறும் பக்கத்தில் எழுதிக் காட்டினான்.

4294967297.

வாயால் சொன்னால், 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. பார்க்க ஒரு விசேஷமும் இல்லை, ஆரோ ஒருவரின் பாங்க் கணக்கு இலக்கம் மாதிரி. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேணும்.

2 ஐ எடுங்கள். அதை வர்க்கித்தால் 4. அதையும் வர்க்கித்தால் 16. பிறகு 256. பிறகு 65536. இப்ப ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537. இந்த ஐந்தும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தன்னாலும் மட்டும்தான் பிரிபடும்.

17 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துலூஸ் நகரத்தில் பியர் த ஃபெர்மா என்று ஒருவர் இருந்தார். நீதிமன்றத்தில் உத்தியோகம், ஓய்வு நேரத்தில் கணிதம். ஓய்வு நேரத்தில் செய்ததாலேயே வரலாற்றில் இடம்பிடித்த மனுசன். 1640 இல் அவர் இந்த வரிசையைப் பார்த்து, இப்படி உருவாகிற எல்லா எண்களும் முதன்மை எண்கள்தான் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நிறுவல் தன்னிடம் இல்லை என்றும் ஒத்துக்கொண்டார், ஆனாலும் நம்பினார். ஐந்துக்குச் சரியெண்டால் மிச்சத்துக்கும் சரிதானே?

வரிசையில் ஆறாவதாக வருவது 65536 இன் வர்க்கத்தோடு ஒன்று. அதுதான் 4294967297.

“அப்ப அது முதன்மை எண்ணா இல்லையா?” என்று நாங்கள் கேட்க, அவன் வாயைத் திறக்கப் போனான். அவள் குறுக்கிட்டாள்.

“சொல்லாத. கண்டுபிடிப்பம்.”

முதலில் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தோம். கடைசி இலக்கம் 7, ஆகவே 2 உம் 5 உம் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3 இல்லை. 7 ஆல் பிரித்தால் மீதி 5. 11 ஆல் பிரித்தாலும் மீதி 5. 13 ஆல் பிரித்தால் மீதி 10. இப்படியே எவ்வளவு தூரம் போவது? ஒரு எண் முதன்மை எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் பிரித்துப் பார்க்க வேணும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536 ஐ ஒட்டி வரும். அதற்குள் இருக்கிற முதன்மை எண்கள் 6542. ஒரு மெழுகுதிரிக்கு அது கூடத்தான்.

இங்கேதான் கம்பஸ்காரன் ஒரு சின்ன உதவி செய்தான். அவன் சொன்னதை எங்கட பாஷையில் சொல்கிறோம்.

இந்த எண்ணைப் பிரிக்கக்கூடிய ஒரு முதன்மை எண் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குப் பெயர் p. இப்ப 1 இலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டு போங்கள்: 2, 4, 8, 16... ஒவ்வொரு தரமும் p ஆல் பிரித்து மீதியை மட்டும் வைத்திருங்கள். எங்கட எண் என்றால் 2 ஐ 32 தரம் பெருக்கி ஒன்று கூட்டினது. அதை p மீதியில்லாமல் பிரிக்கிறது என்றால், 32 ஆவது இரட்டிப்பில் மீதி ‘ஒன்று குறைய p’ ஆக இருக்க வேணும். இன்னும் 32 தரம் இரட்டித்தால் மீதி திரும்ப 1 க்கு வந்துவிடும். ஆக, இது 64 அடியில் ஒரு சுற்று. மணிக்கூடு 12 க்கு வந்து திரும்பத் தொடங்குகிற மாதிரி.

இன்னொரு பக்கம், 2 ஐ விடப் பெரிய எந்த முதன்மை எண் p ஐ எடுத்தாலும், p − 1 தரம் இரட்டித்தால் மீதி 1 க்குத் திரும்பி வரும் என்று ஒரு தேற்றம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் p − 1 என்பது 64 இன் மடங்காக இருந்தே ஆகவேணும். அதாவது 64 இன் மடங்குகளோடு ஒன்று கூட்டி வருகிற முதன்மை எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

அவள் எழுதத் தொடங்கினாள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதில் 65, 385 ஐந்தால் போகும். 129, 321, 513 மூன்றால் போகும். வெட்டினாள். மிச்சம் 193, 257, 449, 577, 641.

பத்து இலக்க எண்ணை நெடும் பிரித்தல் செய்யவும் தேவையில்லை. வர்க்கித்து மீதி எடுத்து, திரும்ப வர்க்கித்து மீதி எடுத்தால் சரி. 193 க்குக் கடைசி மீதி 109. 257 க்கு 2. 449 க்கு 325. 577 க்கு 288. ஒன்றும் சரிவரவில்லை. “முதன்மை எண்தான் போல” என்று எங்களில் ஒருத்தன் எழும்பி ரீ ஊத்தப் போய்விட்டான்.

641. 256 இன் வர்க்கம் 65536. அதை 641 ஆல் பிரித்தால் மீதி 154. 154 இன் வர்க்கம் 23716. அதை 641 ஆல் பிரித்தால் மீதி 640.

அவள் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த 640 ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று கூட்டினால் 641. மீதி பூச்சியம்.

“பிரிபடுது.”

சந்தேகத்துக்கு நெடும் பிரித்தலும் செய்தோம். 4294967297 = 641 × 6700417. திரும்பப் பெருக்கியும் பார்த்தோம், சரி. ஃபெர்மா பிழை. முதல் ஐந்தும் சரி, ஆறாவது பிழை. தகரக் கொட்டிலில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மொடல் பேப்பரின் பின்பக்கத்தில் இருந்தது. அந்த இரண்டாவது படி ஏன் வேணும் என்றால், இதற்காகத்தான். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஐந்து நிமிசம் போதும்.

இதை உலகத்தில் முதலில் கண்டவர் லெயோனார்ட் ஒயிலர். ஃபெர்மா அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாரே, கவனித்தீரா என்று 1729 இல் கோல்ட்பாக் என்ற நண்பர் அவருக்கு எழுதினார். ஒயிலர் 1732 இல் 641 ஐக் காட்டினார், அப்போது அவருக்கு 25 வயது. ஃபெர்மா எழுதி ஏறத்தாழ 92 வருசம் கழித்து, அவர் செத்தும் 67 வருசம் கழித்து. அவ்வளவு காலமும் ஒரு பெரிய மனுசரின் நம்பிக்கை மறுக்கப்படாமலே கிடந்தது.

எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. இரட்டித்தால் மீதி 1 க்குத் திரும்பி வரும் என்று மேலே ஒரு தேற்றம் சொன்னோமே, அது ஃபெர்மாவின் தேற்றம். அதையும் அவர் ஒரு கடிதத்தில் எழுதியது அதே 1640 இல்தான். அதே வருசம், இதே மாதிரியான ஒரு முறையைப் பாவித்து, 137438953471 என்கிற 12 இலக்க எண் 223 ஆல் பிரிபடும் என்றும் கண்டுபிடித்திருந்தார். சாவி அவருடைய கையில் இருந்தது. ஐந்து எண்களைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். எப்படி விட்டார்? கணக்கில் எங்கேயோ ஒரு சின்னப் பிழை விட்டிருப்பார் என்று ஊகிக்கிறவர்களும் உண்டு. எங்களுக்கென்னவோ, நம்பிக்கை கூடினால் சரிபார்க்கிற கை தளர்ந்துவிடும் என்றுதான் படுகிறது. நாங்களே எத்தனை விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் குடுத்திருப்போம்.

பிந்தி, 19 ஆம் நூற்றாண்டில், லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் 64 க்குப் பதிலாக 128 இன் மடங்குகளைப் பார்த்தாலே போதும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 641 க்கு முன்னுக்கு நிற்கிறது 257 ஒன்றுதான். மற்றக் காரணி 6700417 உம் முதன்மை எண்ணா என்று பார்ப்பதும் அப்போது லேசு. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் பார்க்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டும். 769 ஆல் பிரித்தால் மீதி 120. 1153 க்கு 334. 1409 க்கு 622. 257 உம் 641 உம் கூட மீதி வைக்கும். ஆகவே அது முதன்மை எண்தான். எங்கட எண்ணுக்கு இரண்டே இரண்டு காரணிகள், கதை முடிந்தது.

ஆனால் நாங்கள் அந்த எண்ணை விடவில்லை. அடுத்தடுத்த பின்னேரங்களிலும் அதுதான் கதை.

எங்கட எண் 65536 இன் வர்க்கமும் 1 இன் வர்க்கமும் சேர்ந்தது என்பது தெரிந்ததுதானே. அதே எண்ணை 62264 இன் வர்க்கமும் 20449 இன் வர்க்கமும் என்றும் எழுதலாம், கூட்டிப் பாருங்கள். ஒரு முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்றால், ஒரே ஒரு விதமாகத்தான் எழுதலாம். இரண்டு விதமாக எழுத முடிந்தால் அது முதன்மை எண் இல்லை. ஒரு காரணிகூடத் தெரியாமலே பிரிபடும் என்று சொல்லிவிடலாம்.

வரிசையில் முதல் ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள். 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. எங்கட எண்ணுக்கு இரண்டு குறைவு. இந்த வரிசையில் எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்தின எல்லாவற்றையும் பெருக்கினால் இரண்டு குறைவாகத்தான் வரும். ஆகவே எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்க ஏலாது. அப்படியெண்டால் ஒவ்வொரு எண்ணும் புதுசாக ஒரு முதன்மைக் காரணியையாவது கொண்டுவர வேணும். வரிசைக்கு முடிவில்லை, ஆகவே முதன்மை எண்களுக்கும் முடிவில்லை. ஃபெர்மாவின் பிழையான நம்பிக்கைக்குள் இருந்தே இப்படியொரு நிறுவல் கிடைக்கிறது.

கம்பியூட்டர் வேலை செய்கிற நாலாமவனுக்கு 4294967295 ஐக் கண்டதும் கண் விரிந்தது. 32 பிற்றில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் அதுதான். பழைய முறை இன்ரர்நெற் முகவரிகள் மொத்தம் 4294967296. அவற்றைப் பிரித்துக் கொடுக்கிற மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோனது. எங்கட எண்ணை 32 பிற்றுக்குள் போட்டால் அது நிரம்பி வழிந்து வெறும் 1 ஆகத்தான் தெரியும்.

வரைதலிலும் இந்த வரிசைக்கு இடம் உண்டு. நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியை வரையலாம் என்று 1796 இல் கவுஸ் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 18 வயது, ஏ.எல் எடுக்கிற வயசு. முதன்மை எண் அளவுக்குப் பக்கங்கள் உள்ள பல்கோணிகளில், 3 முதல் 65537 வரையான இந்த ஐந்துதான் அப்படி வரையலாம் என்று இதுவரை தெரிந்தவை. எங்கட எண் முதன்மை எண்ணாக இருந்திருந்தால் பட்டியலில் ஆறாவதாகச் சேர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு? வரிசையில் அடுத்தடுத்து வருகிற எண்கள் பயங்கர வேகத்தில் பெருக்கின்றன. ஏழாவதே 20 இலக்கம். அதுவும் பிரிபடும், 274177 ஆல். எட்டாவதன் காரணிகள் 1970 இல் கம்பியூட்டர் வைத்துத்தான் கிடைத்தன. இதுவரைக்கும் பரிசோதிக்க முடிந்த பெரிய எண்கள் எல்லாம் சேர்த்தி எண்களாகத்தான் இருக்கின்றன. ஐந்தாவதுக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு முதன்மை எண்கூட அகப்படவில்லை. அப்படியெண்டால் ‘மிச்சம் எல்லாமே பிரிபடும்’ என்று சொல்லலாமா?

“சொல்ல ஏலாது,” என்றாள் அவள். “திரும்பவும் அதே பிழைதானே.”

உண்மைதான். அதற்கும் நிறுவல் வேணும், அது இன்னும் ஒருத்தரிடமும் இல்லை.

இதை எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. ஃபெர்மாவைப் பிழை பிடித்த கதையாக இது போய்விடக் கூடாது என்று ஒருத்தன் சொன்னான். சரிதான். தான் நம்புவதையும், தன்னிடம் நிறுவல் இல்லை என்பதையும் ஒரே கடிதத்தில் சொல்கிற நேர்மை அவரிடம் இருந்தது. அதை மறைத்திருந்தால் கோல்ட்பாக் அதைச் சந்தேகத்தோடு பார்த்திருக்கவும் மாட்டார், ஒயிலர் தேடியிருக்கவும் மாட்டார். “எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் படுகிறது” என்று சொல்லிக் கேள்வியைத் திறந்து வைத்தவர் அவர். எங்களுக்கு வகுப்பில் கிடைக்காமல் போனது அந்த ஒரு வசனம்தான். சேர் “எனக்கும் இப்ப ஞாபகம் வரேல்லை பிள்ளை, தேடிப் பாப்பம்” என்று சொல்லியிருந்தால்கூடப் போதும்.

நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. முந்நூறு பேர் சிரித்ததில் எங்கட சிரிப்பும் இருந்திருக்கும். கேள்வி கேட்கிறவர்கள் வகுப்பைப் பிந்த வைக்கிறார்கள் என்று புறுபுறுத்திருப்போம். பாஸ்ட் பேப்பர் பத்து வருசத்தையும் செய்து முடித்தால் கணிதம் படித்தாயிற்று என்று நினைத்தவர்கள்தானே நாங்கள்.

அவள் இப்ப பின்னேரங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். “எனக்கு மத்ஸ் ஓடாது” என்று சொல்வதை நிற்பாட்டிவிட்டாளா என்றால், இல்லை, இடைக்கிடை இன்னும் சொல்லுவாள். இரண்டு ‘எஸ்’ ஐ ஒரு இரவில் அழிக்க ஏலாது. ஆனால் அந்த மொடல் பேப்பர் அவளிடம்தான் இருக்கிறது. முன்பக்கத்தில் சேரின் தொகுத்தறிவுக் கேள்வி, 15 புள்ளி. பின்பக்கத்தில் மெழுகு சிந்தின இடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து: 154, 23716, 640.

உங்களிடமும் ஒரு பழைய பேப்பர் இருக்கும். போனை ஒருக்கா ஓஃப் பண்ணிவிட்டு, அந்த மூன்று வரியையும் கையால் செய்து பாருங்கோ. நாங்கள் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம்.